வண்டியை விட்டு இறங்காதவன்

கலைமதி செத்துப் பதினாலு மாதம் ஆகிறது. சாவதற்கு நாலு நாள் முன்னால் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். போன வாரம் வரைக்கும் அது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். போலீஸ் மூன்று நாள் உட்கார வைத்து விசாரித்தது, சொல்லவில்லை. வக்கீல் கேட்டார், சொல்லவில்லை. கட்டின பெண்டாட்டியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. என்ன கேட்டுக்குடா மூடி வைத்தாய் என்று நீங்கள் திட்டலாம். தாராளமாகத் திட்டுங்கள். நானும் தினம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

என் பேர் சென்றாயன். மாரண்டஹள்ளியில் ஆம்னி வேன் ஓட்டுகிறவன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தை நாளில் தக்காளி, முகூர்த்த நாளில் கல்யாண வீட்டுச் சனம் என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டி. பாலக்கோட்டுக் கோகிலவாணி அக்கா வந்து ஏறினதிலிருந்துதான் அது வேறு பாதைக்குத் திரும்பியது. அவள் முன்பு ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவள். "வாரத்துல ஒரு நாளு அஞ்சு பொம்பளைங்கள ஏத்திகினு போயி, திரும்பக் கொண்டாந்து உடணும். அவ்ளோதான் தம்பி" என்றாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்தது. முதல் பிள்ளை பெண்ணாகப் போன வீட்டில் மருமகள் மறுபடி முழுகாமல் இருந்தால், வயிற்றில் இருப்பது என்ன என்று பார்த்துச் சொல்லும் கூட்டம் அது. பெண் என்றால் கலைப்பதற்கும் அவர்களே மாத்திரையோடு வருவார்கள். அப்படிப் பார்ப்பது குற்றம் என்று எல்லா ஸ்கேன் சென்டர் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. அங்கே முடியாது என்பதால்தான் சனங்கள் எங்களிடம் வந்தார்கள்.

காலை ஒன்பது மணிக்குள் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பாக நின்று ஐந்து பேரையும் ஏற்றிவிடுவேன். கூட யாரும் வரக்கூடாது. போனை எல்லாம் அணைத்து ஒரு மஞ்சப்பையில் போட்டுவிட வேண்டும். பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் பக்கம் போனால், ரோட்டை விட்டு உள்ளே ஒரு புளியந்தோப்பு, அதற்குள் ஆள் குடியில்லாத ஓட்டு வீடு. அங்கே வீரமணி என்ற ஒருத்தன் ஒரு சின்ன மிஷினோடு உட்கார்ந்திருப்பான். பார்க்க வந்த பெண்களிடம் அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான். முடிவைக் கோகிலவாணியிடம் சொல்வான், அவள் என் காதில் சொல்வாள், நான் கொண்டுபோய் அந்தந்த வீட்டுப் பெரியவர்களிடம் சேர்க்க வேண்டும். பெண்களிடம் அங்கேயே சொன்னால் அழுது ஊரைக் கூட்டுவார்களாம்.

அதையும் வாயால் சொல்லக்கூடாது. "வாயால சொன்னா அது நாளைக்கு சாட்சி ஆயிடும்" என்பாள் கோகிலவாணி. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பையன் என்றால் நான் இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை விட்டு இறங்கி, அந்த வீட்டில் ஒரு வாய் காப்பி குடிப்பேன். பெண் என்றால் இறங்க மாட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே "அடுத்த தடவ பாத்துக்கலாம்ங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். வாசலில் நிற்கிற மாமியார்கள் வண்டிச் சத்தம் நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இதில் எனக்கு ஒரு பேர் வேறு. சென்றாயன் மாற்றிச் சொல்ல மாட்டான். ஐந்து வீட்டுச் சேதியை மனசிலேயே வைத்துக்கொண்டு ஐந்தையும் குழப்பாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். காரிமங்கலத்தில் ஒரு டிரைவர் ஒருமுறை இரண்டு வீட்டைக் குழப்பிவிட்டானாம். சென்றாயன் அப்படி இல்லை. கோயில் திருவிழாவில் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். தக்காளி விலை ஏறியிருந்த சமயத்தில்கூட என் வீட்டுக்கு ஒரு கூடை வரும். ஒருத்தர்கூட என்னைக் கெட்டவனாகப் பார்க்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அந்த வருஷம் என் வேனில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் ஏறினார்கள். ஏழு பையன்கள், இரண்டு பெண்கள். நானே ஏற்றி நானே இறக்கினேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எனக்கு ஒரே மகள். தோளிலிருந்து இறக்காமல் வளர்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் காறித் துப்ப வசதியாக இருக்கும்.

கலைமதி எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பூவரசன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவன், மாதத்துக்கு ஒருமுறை வருவான். வீட்டை ஆள்கிறது அவன் அம்மா முனியம்மாள். மூன்று ஏக்கரில் தக்காளியும் அவரையும் போட்டு, தானே சந்தைக்குக் கொண்டுபோய் வியாபாரிகளோடு மல்லுக்கு நிற்கிற பொம்பளை. கலைமதிக்கு முதலில் பிறந்தது பூவிழி, என் மகளோடு ஒரே வகுப்பு. போன வருஷம் மாசி மாதம், இரண்டாவதுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, முனியம்மாள் அவளை என் வண்டியில் ஏற்றி அனுப்பினாள்.

தோப்பில் எல்லாம் முடிந்து கிளம்பும்போது கோகிலவாணி என் காதில் ஐந்தையும் சொன்னாள். கலைமதிக்குப் பெண். மற்ற நாலு பேரையும் வழியில் இறக்கிவிட்டேன். மாரண்டஹள்ளி தாண்டினதும் வண்டியில் அவளும் நானும்தான். கடைசி சீட்டில் இருந்தவள் எழுந்து வந்து என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணா, எங்க வூட்டாண்ட எறங்குவீங்களா?"

சாதாரணமாக இந்தக் கேள்விக்குப் பேச மாட்டேன். கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள் என்று கண்ணாடியையே மேலே தூக்கி வைத்திருந்தேன்.

"எறங்க மாட்டீங்க. தெரியுது" என்றாள். அப்புறம் சொன்னாள்: "எறங்குங்கண்ணா. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு போங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"என்னம்மா பேசற நீ?"

"வயித்துக்குள்ள அசையுதுங்கண்ணா. நாலஞ்சு நாளா அசையுது. பொண்ணுன்னா பொண்ணு. எனக்கு வேணும்."

"பொறந்தப்பறம் என்னா சொல்லுவ?"

"பொறந்தப்பறம் யாரு என்னா பண்ண முடியும்? திட்டுவாங்க, வாங்கிக்கறேன். பூவிழி பொறந்தப்பவும்தான் அத்த ஒரு மாசம் மொகத்தத் திருப்பிகினு இருந்துச்சு. இப்ப அவ பக்கத்துல இல்லாட்டி அதுக்கு சோறு எறங்கல."

"பூவரசன்கிட்ட சொன்னியா?"

"போன்ல சொன்னேன். அம்மா சொல்றபடி கேளுன்னு வெச்சிட்டாரு." அவள் குரல் உடையவில்லை, கெஞ்சவும் இல்லை. பக்கத்து வீட்டில் உப்பு கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "பொய்கூட சொல்ல வேணாங்கண்ணா. எறங்கினா போதும்."

அப்போது நான் ஒன்று சொன்னேன். இந்தப் பதினாலு மாதமும் அந்த வார்த்தை என் காதிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது.

"என் பேரு கெட்டுடும்மா. இதுவரைக்கும் நான் மாத்திச் சொன்னதில்ல."

"உங்க பேரா" என்றாள்.

வீட்டு வாசலில் முனியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள். கலைமதி இறங்கினாள், ஆனால் வண்டிக் கதவைச் சாத்தவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள். மாமியாருக்குக் கேட்கிற மாதிரி, "அத்த, அண்ணனுக்கு காப்பி வெக்கட்டா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எறங்குங்கண்ணா. ஒரு நிமிசம்தான ஆவும்" என்றாள். முனியம்மாள் அவளைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சாவியில் என் கை இருந்தது. திருப்பியிருந்தால் போதும்.

"அடுத்த தடவ பாத்துக்கலாம்ங்க" என்றேன். கலைமதி கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

மறுநாளே கோகிலவாணி மாத்திரையோடு போயிருக்கிறாள். நாலாம் நாள் காலையில் கலைமதிக்கு ரத்தம் நிற்கவில்லை. அந்த வீட்டிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது, நான் அப்போது ஓசூர் ரோட்டில் கல்யாணச் சவாரியில் இருந்தேன். 108-க்குப் போடுங்கள் என்றேன். கோகிலவாணி போடவிடவில்லை, கேஸ் ஆகிவிடும் என்று பயமுறுத்தி வைத்திருந்தாள். வேறு ஒரு வண்டி பிடித்துத் தருமபுரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கலைமதி போய்விட்டாள். இருபத்தாறு வயது.

பதினோராம் நாள் எங்கள் எல்லோரையும் பிடித்தார்கள். ஸ்டேஷனில் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து மிஷினைச் சோதித்தார்கள். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். "டேய், இதுல படமே வராதுடா. ஒரு வருசத்துக்கு மேல செத்துக் கெடக்கு" என்றார். வீரமணி ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவன். இருட்டுத் திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஐந்து பேரில் மூன்று பேருக்குப் பெண் என்பானாம். பெண் என்றால்தானே மாத்திரை வியாபாரம். மற்ற இரண்டு பேருக்குப் பையன் என்பது சனங்களின் நம்பிக்கை குறையாமல் இருக்க. அவன் வாய்க்கு வந்ததைத்தான் நான் ஒரு வருஷமாக ஒன்றும் மாறாமல், கவனமாக, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். கலைமதிக்குப் பெண் என்று சொன்ன அன்றைக்கு, அவள் வயிற்றில் இருந்தது என்ன என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

இன்னொன்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இறங்கிக் காப்பி குடித்த வீடுகளில் எனக்குத் தெரிந்தே இரண்டு மூன்றில் பெண் குழந்தை பிறந்திருந்தது. யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. "டிரைவர் என்னா பண்ணுவான், மிஷினு தப்பாக் காட்டிருக்கும்" என்று அவர்களே சொல்லி விட்டுவிட்டார்கள். குழந்தைகள் நன்றாகத்தான் வளர்கின்றன. அப்படியானால் கலைமதிக்காக ஒருமுறை இறங்கியிருந்தால் என் பேர் எங்கே கெட்டிருக்கும்? கெட்டிருக்காது. ஒரு மண்ணும் ஆகியிருக்காது.

விசாரணையில் எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே பாட்டைப் பாடினார்கள். எங்களுக்குத் தெரியாதுங்க, அவளாத்தான் போனா. முனியம்மாளும் அதையே சொல்லிக் கைநாட்டு வைத்தாள். என் வக்கீல் எனக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் இஷ்டப்பட்டுத்தான் வந்தாங்க, நான் வாடகைக்குப் போன டிரைவர். நானும் சொன்னேன். இப்போது கேஸ் கட்டில் கலைமதி யார் என்றால், பெண் குழந்தை பிடிக்காமல் தானாகத் தேடிப் போய்ச் செத்தவள்.

பெயிலில் வந்த பிறகு யாரும் பிள்ளைகளை என் வேனில் ஏற்றவில்லை. சரி, அது நியாயம்தான். லோடு அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் மனசுக்கு ஒரே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். முனியம்மாள் சாதாரணப்பட்ட ஆள் இல்லை. தக்காளிக் கூடையைத் தூக்கிப் பார்த்தே அடியில் அழுகல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். நான் அன்றைக்கு இறங்கியிருந்தாலும் என் முழியைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள், எப்படியும் நடந்ததுதான் நடந்திருக்கும். இதைத் தினம் பத்து முறையாவது எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொன்னால்தான் அடுத்த வேலையைப் பார்க்க முடியும்.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள், பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் வந்து நின்றாள். "அப்பா, பூவிழி இல்ல, அவங்கம்மா பொண்ணு பாப்பா வேணாம்னு மாத்திர சாப்ட்டுதான் செத்தாங்களாம். பூவிழிய பெத்தப்பவும் வேணாம்னுதான் நெனச்சிருப்பாங்களாம். அவளே சொல்றா" என்றாள்.

ஏழு வயசுப் பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வருகிறது. அது அப்படி இல்லை என்று சொல்ல இந்த ஊரில் தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான். என் மனைவியிடம் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "இத என்கிட்ட என்னாத்துக்கு சொல்ற, போய் அந்த வூட்டுல சொல்லு" என்றாள். அதற்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். வாசலில் முனியம்மாள் தக்காளியைத் தரம் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூவிழி கவிழ்ந்து படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்லணும்க்கா. பாப்பாவ உள்ள போவச் சொல்லுங்க."

"எதப் பத்தி?"

"கலைமதியப் பத்தி."

"அப்ப அவ இருக்கட்டும். அவ ஆத்தாளப் பத்தின பேச்சுதான" என்றாள்.

நின்றபடியே சொன்னேன். மாரண்டஹள்ளி தாண்டினதும் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தது, வயிற்றில் அசைகிறது என்றது, பெண்ணாக இருந்தாலும் வேணும் என்றது, இறங்கு இறங்கு என்று கேட்டது, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன். முனியம்மாள் கை தக்காளியில் இருந்தது, ஆனால் நகரவில்லை. பூவிழி எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"பொண்ணுன்னு தெரிஞ்சும் வேணும்னாங்களா?" என்று கேட்டது.

"தெரிஞ்சுதான் கண்ணு கேட்டாங்க. எனக்கு வேணும்னு கேட்டாங்க."

"என்னயும் வேணும்னுதான் சொன்னாங்களா?"

"நீ பொறந்த கதையத்தான் பேசிகினு வந்தாங்க. நீ பக்கத்துல இல்லாட்டி உங்க அவ்வாவுக்கு சோறு எறங்காதாம்."

பூவிழி முனியம்மாளைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்து, "அப்பறம் ஏன் மாமா நீங்க எறங்கல?" என்றது.

உள்ளதைச் சொன்னேன். "என் பேரு கெட்டுப்போவும்னு பயந்துட்டேன் கண்ணு." அதற்குப் புரியவில்லை. பெரிய மனுஷனுக்கே புரியாத காரணம், குழந்தைக்கு எப்படிப் புரியும். நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அடுத்த வாய்தாவில் கோர்ட்டில் இதைச் சொல்லப்போவதாக முனியம்மாளிடம் சொன்னேன். எனக்குத் தண்டனை கூடும், கூடட்டும் என்றேன்.

"சொல்லு. அனுப்பினது அவ மாமியாருன்னும் சேத்துச் சொல்லு. நானும் வந்து சொல்றேன்" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லை.

அதோடு நான் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குள்ளே இருந்த நாய் இன்னும் ஒரு எலும்புத் துண்டு எதிர்பார்த்து நின்றது.

"அன்னிக்கு நான் எறங்கியிருந்தாலும் நீங்க கண்டுபுடிச்சிருப்பீங்க இல்லக்கா?" என்றேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

முனியம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் எப்பிடிடா கண்டுபுடிப்பேன்? சென்றாயன் மாத்திச் சொல்ல மாட்டான்னுதான உன் வண்டியில ஏத்தினேன். நீ எறங்கியிருந்தா நான் நம்பியிருப்பேன். அன்னிக்கே கோயில்ல தேங்கா ஒடச்சிருப்பேன், ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன். பொறந்தது பொண்ணா இருந்தா மிஷினத் திட்டியிருப்பேன், உன்னத் திட்டியிருப்பேன், அவளத் திட்டியிருப்பேன். ஒரு மாசம். அப்பறம் தூக்கிக்காம எங்கடா போயிருப்பேன்?"

சொல்லிவிட்டு அவள் தக்காளியைப் பொறுக்க ஆரம்பித்தாள். நல்லது எது, அடிபட்டது எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். அவள் என்னைப் போகச் சொல்லவே இல்லை.